அடுத்தவங்க பணம், நம்ம கையெழுத்து: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கம்பெனி பிஎஃப் டிரஸ்ட், கிராஜுவிட்டி டிரஸ்ட், பள்ளிக்கூட அறக்கட்டளை இவங்கெல்லாம் கையில இருக்குற பணத்தை எங்க போடுறாங்க, எங்க போடலாம்னு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தனி ஆளுங்கதான் கேப்பாங்கன்னு நினைச்சா, வந்த கடிதத்துல பாதிக்கு மேல டிரஸ்டிங்க, செயலாளருங்க, அக்கவுன்டன்ட்டுங்க எழுதினதுதான். நானும் ஒரு தொழிற்சாலை பிஎஃப் டிரஸ்ட்ல 20 வருஷத்துக்கு மேல செயலாளரா உக்காந்தவன், அதனால இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது கொஞ்சம் தூக்கம் போச்சு. எல்லாத்துக்கும் பதில் எழுத இடம் இல்லை, முக்கியமானதை மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: சார், எங்க கம்பெனிக்கு சொந்தமா பிஎஃப் டிரஸ்ட் இருக்கு, தொழிலாளர் தரப்புல நான் டிரஸ்டி. அரசோட பிஎஃப் அமைப்பான ஈபிஎஃப்ஓ 8.25 சதவீதம் அறிவிச்சா நாங்களும் அதுக்குக் குறையாம குடுத்தாகணும், ஆனா கவர்மென்ட் பாண்ட் 7 சதவீதத்தை ஒட்டித்தான் நிக்குது. பாண்டு வித்துக் குடுக்குற ஒரு அரேஞ்சர் 9.75 தர்ற பேங்க் பாண்ட் கொண்டு வந்திருக்கார், டபுள் ஏ ரேட்டிங், பேங்க் பேப்பர்தானே பயப்படாதீங்கன்னு சொல்றார். அடுத்த வாரம் மீட்டிங். கை தூக்கலாமா? (ஓசூர் வாசகர்)

பதில்: தூக்காதீங்க. பாண்டோட நிபந்தனை எல்லாம் இருக்குற அந்த டேர்ம் ஷீட்டை முழுசா வாங்கிப் படிக்கிற வரைக்கும் கண்டிப்பா தூக்காதீங்க. பெர்பெச்சுவல், அடிஷனல் டியர் ஒன், இந்த ரெண்டு வார்த்தையில எதையாவது பாத்தீங்கன்னா அது நீங்க நினைக்கிற பேங்க் டெபாசிட் மாதிரியான சரக்கு கிடையாது. அதுக்கு முதிர்வு தேதியே இல்லை. பேங்க் நினைச்சா அஞ்சு வருஷம் கழிச்சுத் திருப்பித் தரும், நினைக்கலைன்னா தராது. பேங்க் ரொம்ப மோசமான நிலைக்குப் போனா அந்தப் பாண்டை மொத்தமா அழிச்சுடலாம்னு அதுலயே எழுதியிருக்கும். 2020 மார்ச்ல யெஸ் பேங்க் விழுந்தப்ப அப்படித்தான் 8,415 கோடி ரூபா டியர் ஒன் பாண்டு ஒரே நாள்ல பூஜ்யமாச்சு. டெபாசிட் போட்டவங்க பணம் தப்பிச்சுது, ஷேர் வச்சிருந்தவங்க கையில ஏதோ மிச்சம் இருந்துச்சு, பாண்டு வாங்கினவங்களுக்கு ஒண்ணும் இல்லை. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2023-ல ஸ்விட்சர்லாந்துல கிரெடிட் சுயிஸ் கதையும் இதேதான். ஷேர்ஹோல்டருக்கு 300 கோடி ஃப்ராங்க் கிடைச்சுது, டியர் ஒன் பாண்டுக்காரங்களோட 1,600 கோடி ஃப்ராங்க் போச்சு. யெஸ் பேங்க் கதைக்கு அப்புறம் அதே 2020-லயே பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்துற செபி, இந்தப் பாண்டை சாதாரண ஆளுங்களுக்கு விக்கக் கூடாதுன்னு குறைஞ்சது ஒரு கோடி ரூபாய்க்குத்தான் வாங்கணும்னு ஆக்கிடுச்சு. அதனாலதான் அரேஞ்சர் இப்ப டிரஸ்டைத் தேடி வர்றார்.

கணக்கு போட்டுப் பாருங்க. நல்ல பேப்பர்ல 7.25, இதுல 9.75. 100 ரூபாய்க்கு வருஷம் ரெண்டரை ரூபா கூட வருது. ஒரு தடவை இது போச்சுன்னா அந்த 100-ஐ ரெண்டரை ரெண்டரையா சேர்த்து எடுக்க 40 வருஷம் ஆகும். உங்க தொழிலாளி ஒருத்தரோட மொத்த சர்வீஸே அவ்வளவு இருக்காது.

ரேட்டிங் டபுள் ஏ-ன்னு சொல்றீங்க. ஐஎல் அண்ட் எஃப்எஸ் 2018 நடுவுல வரைக்கும் ட்ரிபிள் ஏ. செப்டம்பர்ல டி, அதாவது கடனைக் கட்டலைங்குற ரேட்டிங். நடுவுல சில வாரம்தான். எல்ஐசியும் ஸ்டேட் பேங்கும் பங்குதாரர், ரோடு போடுற கம்பெனி, இதை விட சேஃப் எதுன்னு நாடு பூராவும் பிஎஃப் டிரஸ்டுங்க அந்த பேப்பரை வாங்கி வச்சிருந்துச்சு. குரூப்போட கடன் 91,000 கோடி பக்கம்னு அப்புறம்தான் எல்லாரும் கூட்டிப் பாத்தாங்க.

எனக்கும் அடி பட்டிருக்கு. 2000-ங்களோட ஆரம்பத்துல எங்க டிரஸ்ட்ல ஒரு நிதி நிறுவனத்தோட பேப்பர் வாங்கினோம், பேர் வேண்டாம். அப்ப கவர்மென்ட் பாண்ட் வட்டி சரசரன்னு இறங்கிட்டு இருந்த காலம், உங்களை மாதிரியே நாங்களும் தவிச்சோம், ஒன்றரை சதவீதம் கூட வருதேன்னு ஏழு பேரும் கையெழுத்து போட்டோம். ரெண்டாவது வருஷம் வட்டி வரலை. அந்த மாசம் ரிட்டயர் ஆன ஒரு ஃபிட்டர் கேன்டீன் வாசல்ல என்னைப் பாத்து, சார் என் பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்த பணம் அதுல இருக்கான்னு கேட்டார். இல்லைங்க, உங்க செட்டில்மென்ட் முழுசா வரும், குறையுறதை கம்பெனி போடும்னு சொன்னேன், அது உண்மையும் கூட, ஆனா அவர் என் முகத்தையே பாத்துட்டு நின்ன நிமிஷம் இருக்கே, அது இன்னும் என் கண்ணுலயே இருக்கு. ஏழு கையெழுத்துல ஒண்ணு என்னோடது.

சரி, அப்ப 8.25 எப்படிக் குடுக்கிறது? நேர்மையான பதில் என்னன்னா, நல்ல பேப்பரை மட்டும் வாங்கினா சில வருஷம் குறையும், குறையுற பணத்தை முதலாளி போடணும்னுதான் சட்டத்துல இருக்கு. அந்த சுமையைத் தவிர்க்கத்தான் மேனேஜ்மென்ட் தரப்பு டிரஸ்டி அதிக வட்டி பேப்பரைத் தேடுறார்னா, அந்த ரிஸ்க்கை உங்க ஆளுங்க தலையில ஏத்த நீங்க ஒத்துக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. மீட்டிங்ல இதை சொல்லுங்க, மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லுங்க. மாநில அரசு கடன் பத்திரத்தைப் பாருங்க, மத்திய அரசு பத்திரத்தை விட பொதுவா கால் சதவீதத்துல இருந்து அரை சதவீதம் வரைக்கும் கூட கிடைக்கும், அதிகமா வெளியிடுற மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு, ரிசர்வ் பேங்க்தான் ஏலம் நடத்துது, வட்டியை மாநிலத்தோட கணக்குல இருந்து அதுவே எடுத்துக் குடுக்குது. டிரஸ்ட் எதுல எவ்வளவு போடலாம்னு அரசு போட்ட பேட்டர்ன்ல ஷேருக்கு விட்டிருக்குற 15 சதவீத இடத்தை, நிஃப்டி மாதிரி இண்டெக்ஸை அப்படியே வாங்குற இண்டெக்ஸ் இடிஎஃப்ல போட்டிருக்கீங்களான்னு பாருங்க, நிறைய டிரஸ்ட் பயத்துல அதை சும்மாவே விட்டிருக்கு. இவ்வளவும் பண்ணியும் வருஷா வருஷம் இழுபறியாவே இருந்தா, சொந்தமா டிரஸ்ட் நடத்த வாங்கின எக்ஸெம்ப்ஷனை சரண்டர் பண்ணிட்டு ஈபிஎஃப்ஓ கிட்டயே குடுத்துடலாம். அது தோல்வி கிடையாது, பல கம்பெனி பண்ணியிருக்கு.

இன்னொரு வேலை இருக்கு, இதுக்கு காசே வேண்டாம். உங்க மெம்பர்ங்களோட ரிட்டயர்மென்ட் தேதியை எடுத்து மாசம் மாசமா ஒரு சார்ட்ல எழுதுங்க. நான் முதல் தடவை எழுதினப்ப நாலு சார்ட் பேப்பரை ஒட்ட வேண்டியிருந்துச்சு, ஒட்டிட்டுப் பாத்தா மே, ஜூன் கட்டம் மட்டும் பேர் வழிஞ்சு மார்ஜின்ல எழுதியிருக்கு. ஏன்னா நம்ம ஊர்ல அந்தக் காலத்துல ஜூன்ல பள்ளிக்கூடம் சேர்க்கப் போனா, பிறந்த தேதி தெரியலைன்னு சொன்னா, ஹெட்மாஸ்டர் அஞ்சு வயசு கணக்கு வர்ற மாதிரி மே மாசத்துல ஒரு தேதியை எழுதிடுவார். 53 வருஷம் கழிச்சு அவங்க எல்லாரும் ஒரே நேரத்துல 58 ஆகி டிரஸ்ட் வாசல்ல வந்து நிப்பாங்க. அந்த சார்ட்டுக்கு அப்புறம் நாங்க ஏப்ரல்ல முதிர்ற பத்திரமா பாத்து வாங்க ஆரம்பிச்சோம். எந்தப் பாண்டு நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி எப்ப, யாருக்கு, எவ்வளவு குடுக்கணும்னு கேக்குறதுதான் இந்த வேலை.

கேள்வி: நான் பிகாம் படிக்கிறேன். அசெட் கிளாஸ்னா என்ன, பெரிய நிறுவனம் முதலீடு பண்றதுக்கும் எங்கப்பா பண்றதுக்கும் என்ன வித்தியாசம் சார்? (கோவை வாசகி)

பதில்: ஒரே மாதிரி காரணத்துக்கு ஏறி ஒரே மாதிரி காரணத்துக்கு இறங்குற சொத்தை எல்லாம் ஒரு கூடையில போட்டா அது ஒரு அசெட் கிளாஸ்மா. கடன் பத்திரம், கம்பெனி ஷேர், நிலம் கட்டடம், தங்கம், ரொக்கம், இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது. பெரிய நிறுவனங்க இதுக்கு மேல இன்னும் ரெண்டு மூணு கூடை வச்சிருக்கும். லிஸ்ட் ஆகாத கம்பெனியில பங்கு, அதான் பிரைவேட் ஈக்விட்டி, கம்பெனிக்கு நேரடியா கடன் குடுக்குற பிரைவேட் கிரெடிட், ரோடு, மின்சார லைன், துறைமுகம்னு உள்கட்டமைப்பு.

உங்கப்பாவுக்கும் நிறுவனத்துக்கும் பெரிய வித்தியாசம் தொகையில இல்லை. உங்கப்பா தப்பு பண்ணா அவர் பணம் போகும், அவருக்குத் தெரியும். டிரஸ்டி தப்பு பண்ணா யாரோ ஒருத்தரோட பணம் போகும், அவங்களுக்கு பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அதனாலதான் இங்க எதை வாங்கலாம்னு எழுதி வச்ச கொள்கை, கமிட்டி, ஆடிட், மினிட்ஸ் எல்லாம்.

கேள்வி: 31 வருஷம் மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். ஈபிஎஃப்ஓ எங்க பணத்தை ஷேர் மார்க்கெட்ல போடுதாமே, இது சூதாட்டம் இல்லையா? (மதுரை வாசகர்)

பதில்: ஐயா, உங்க கோபம் நியாயமானதுதான், உங்களைக் கேட்டுட்டு யாரும் பண்ணலை. ஆனா நடந்ததை சொல்றேன். 2015 ஆகஸ்ட்லதான் ஆரம்பிச்சாங்க, புதுசா வர்ற பணத்துல 5 சதவீதம், அடுத்த வருஷம் 10, 2017-ல 15. பழைய பணத்தைத் தொடலை, புதுசா வர்றதுல 100 ரூபாய்க்கு 15 ரூபா. அதுவும் இந்தக் கம்பெனி அந்தக் கம்பெனின்னு பொறுக்கலை, நிஃப்டி, சென்செக்ஸ் மாதிரி இண்டெக்ஸை அப்படியே வாங்குற இடிஎஃப்லதான் பெரும்பகுதி. மிச்சம் அரசு பத்திரத்துலயும் கடன் பத்திரத்துலயும் இருக்கு.

எதுக்கு இதுன்னா, இன்னைக்கு 23 வயசுல வேலைக்கு சேர்ற பையன் 58 வரைக்கும் இந்தப் பணத்தைத் தொடப்போறதில்லை. 35 வருஷம் காத்திருக்க முடிஞ்ச பணத்தை முழுக்க பத்திரத்துலயே வச்சா விலைவாசி அதைத் தின்னுடும். நார்வேன்னு ஒரு நாடு, 55 லட்சம் ஜனம், கடல்ல எண்ணெய் கிடைச்சுது, அந்தக் காசை 1996-ல இருந்து ஒரு ஃபண்டுல போட்டு சேர்க்குறாங்க. அவங்க 70 சதவீதம் ஷேர்லதான் வச்சிருக்காங்க. உலகத்துல லிஸ்ட் ஆன கம்பெனி ஷேர்ல நூத்துக்கு ஒன்றரை பங்கு பக்கம் அந்த ஒரே ஃபண்டு கையில இருக்கு. 2008-ல 23 சதவீதம் அடி வாங்கினாங்க, அந்த நேரத்துலயும் விக்காம கொள்கைப்படி வாங்கிட்டே போனாங்க, 2009-ல 25 சதவீதத்துக்கு மேல திரும்ப வந்துச்சு. 2022-ல மறுபடி 14 சதவீதம் போச்சு, 2023-ல 16 ஏறுச்சு. அவங்களால தாங்க முடிஞ்சதுக்குக் காரணம், வருஷத்துக்கு இவ்வளவுதான் எடுப்போம்னு முன்னாடியே எழுதி வச்சிட்டாங்க, முதல்ல 4 சதவீதம், 2017-ல இருந்து 3. விழுந்தப்ப அவசரமா விக்க வேண்டிய தேவையே வரலை.

உங்களுக்கு ரிட்டயர்மென்ட் ஆயிடுச்சு, பணம் கைக்கு வந்துடுச்சு. உங்க கணக்கு வேற, அந்தப் பையன் கணக்கு வேற. நீங்க 15 சதவீதம் கூட ஷேர்ல வைக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நாங்க ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட அறக்கட்டளை. கார்பஸ், அதாவது மூலநிதி 6 கோடி, மொத்தமும் ஒரே பேங்க்ல எஃப்டி. வருஷம் 35 லட்சம் உதவித்தொகை குடுக்குறோம். நாலு வருஷத்துல 2 கோடிக்கு ஒரு கட்டடம் கட்டணும். இப்படியே விடலாமா? அரசு பத்திரம்னா ரிஸ்க்கே இல்லைனு ஆடிட்டர் சொல்றார், நிஜமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முதல்ல எஃப்டி. டெபாசிட் இன்சூரன்ஸ்னு ஒண்ணு இருக்கே, அது ஒரு பேங்க்ல ஒரு டெபாசிட்டருக்கு 5 லட்சம் வரைக்கும்தான். உங்க 6 கோடிக்கும் நீங்க ஒரே டெபாசிட்டர்தான், அதனால காப்பு 5 லட்சம், மிச்ச 5 கோடியே 95 லட்சமும் அந்த பேங்க் மேல வச்ச நம்பிக்கை. பெரிய பேங்க்னா பயப்பட வேண்டாம், ஆனா கூட்டுறவு பேங்க்னா இன்னைக்கே யோசிங்க, 2019-ல மும்பையில பிஎம்சி பேங்க் முடங்கினப்ப சொசைட்டி, சங்கம்னு எத்தனையோ பேர் பணம் மாசக்கணக்குல உள்ளயே கிடந்துச்சு.

அறக்கட்டளைக்கு எதுல போடலாம்னு வருமான வரிச் சட்டமே பட்டியல் போட்டு வச்சிருக்கு. 1961 சட்டத்துல 11(5)-ன்னு ஆடிட்டருங்க வாயில எப்பவும் இருக்குமே, அதேதான். அரசு பத்திரம், பேங்க் டெபாசிட், மியூச்சுவல் ஃபண்டு யூனிட் எல்லாம் அதுல இருக்கு. நேரா தனியார் கம்பெனி ஷேர் வாங்குறதுக்கு இடம் இல்லை.

உங்க கணக்கை நான் இப்படிப் பிரிப்பேன். கட்டடத்துக்கான 2 கோடிக்கு நாலு வருஷத்துல முதிர்ற மத்திய அரசு பத்திரம், அதை நடுவுல தொடக் கூடாது. ரெண்டு வருஷ உதவித்தொகைக்கு 70 லட்சம், அதை ரெண்டு பேங்க்ல எஃப்டி. மிச்சம் 3 கோடியே 30 லட்சத்தை 5, 7, 9, 11, 13, 15 வருஷம்னு ஏணிப்படி மாதிரி மாநில அரசு பத்திரத்துல அடுக்குங்க. 7 சதவீதம்னு வச்சா அந்த ஏணியில இருந்து வருஷம் 23 லட்சம், கட்டடப் பணத்துல இருந்து ஆறரை சதவீதம்னா 13 லட்சம், ஆக 36 லட்சம், உதவித்தொகை கட்டிடும். இப்பத்தான் கவனிக்கணும். கட்டடம் முடிஞ்ச மறுநாள்ல இருந்து அந்த 13 லட்சம் கிடையாது. கட்டடத் திறப்பு விழாவுக்கு அடுத்த ஜூன்ல எந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லைன்னு சொல்லப் போறீங்க? புது நன்கொடையா, கட்டடத்தைச் சின்னதாக்குறதா, இப்பவே கமிட்டியில பேசிடுங்க. உங்க கடிதத்துல என்னை ரொம்ப யோசிக்க வச்சது இதுதான்.

வாங்குறது எப்படின்னா, ரிசர்வ் பேங்கோட ரீடெய்ல் டைரக்ட் தனி ஆளுங்களுக்கு மட்டும்தான், டிரஸ்டுக்கு இல்லை. உங்க பேங்க் கிட்டயோ, அரசு பத்திர வியாபாரத்துக்குன்னே இருக்குற பிரைமரி டீலர் கிட்டயோ, பத்திரத்தை வச்சிக்கிற கில்ட் அக்கவுன்ட் திறக்கணும். மத்திய அரசு பத்திர ஏலத்துல நான்-காம்பெடிட்டிவ்னு ஒரு பகுதி ஒதுக்கியிருக்காங்க, அதுல விலை சொல்லாம, ஏலத்துல வர்ற சராசரி விலைக்கே ஒரு ஏலத்துக்கு 2 கோடி வரைக்கும் கேக்கலாம், டிரஸ்டுக்கும் உண்டு. பிராஞ்ச்ல கேட்டா முதல் தடவை தெரியாதுன்னுதான் சொல்வாங்க, ட்ரெஷரி பிராஞ்ச் எங்கன்னு கேட்டு நேரா போங்க.

அடுத்து ஆடிட்டர் சொன்னது. அரசு பணத்தைத் திருப்பித் தராதுங்குற ரிஸ்க் இல்லைன்னு அவர் சொன்னா சரி. விலை இறங்காதுன்னு சொன்னா தப்பு. 7 சதவீத கூப்பன்ல, அதாவது வருஷ வட்டியில, 30 வருஷப் பத்திரம் 100 ரூபாய்க்கு வாங்குறீங்க, மார்க்கெட் வட்டி 8 ஆகுது, உங்க பத்திரத்தோட விலை 88 ரூபா 69 காசு ஆயிடும். அதே அஞ்சு வருஷப் பத்திரம்னா 95 ரூபா 94 காசு. முதிர்வு வரைக்கும் வச்சிருந்தா ரெண்டுலயும் 100 வந்துடும், ஆனா நடுவுல கட்டடத்துக்குக் காசு வேணும்னு வித்தா அந்த நஷ்டம் நிஜம். அதனாலதான் 2 கோடியை நாலு வருஷத்துல முதிர்ற பத்திரத்துல போடச் சொன்னேன்.

இதை ரொம்பப் பெரியவங்களே மறந்திருக்காங்க. பிரிட்டன்ல கம்பெனி பென்ஷன் ஃபண்டுங்க நீண்ட கால அரசு பத்திரத்தைத்தான் வச்சிருந்துச்சு, ஆனா அதையே அடகு வச்சுக் கடன் வாங்கி இன்னும் அதிகமா பத்திரம் வாங்கிட்டாங்க. 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி அங்க நிதியமைச்சர் பெரிய வரிக்குறைப்பு அறிவிச்சார், பத்திரத்தோட வட்டி சில நாள்லயே எகிறுச்சு, விலை விழுந்துச்சு, கடன் குடுத்தவங்க மார்ஜின் கொண்டா, அதாவது இன்னும் ஈடு கொண்டான்னு கேட்டாங்க, காசுக்காக ஃபண்டுங்க அதே பத்திரத்தை வித்துச்சு, வித்ததால இன்னும் விழுந்துச்சு. 28-ஆம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து உள்ள இறங்கி நானே வாங்குறேன்னு சொன்ன அப்புறம்தான் நின்னுச்சு. வச்சிருந்தது உலகத்துலயே பாதுகாப்பான சொத்து. கெடுத்தது கடன்.

கேள்வி: எங்க கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்துல 3 கோடி சேர்ந்திருக்கு. அமெரிக்காவுல இருக்குற எங்க பேட்ச்மேட் ஒருத்தர், யேல் யூனிவர்சிட்டி மாதிரி பிரைவேட் ஈக்விட்டி, ஹெட்ஜ் ஃபண்டுன்னு போகணும்டா, நீங்க இன்னும் எஃப்டிலயே இருக்கீங்கன்னு சொல்றார். பண்ணலாமா சார்? (திருச்சி வாசகர்)

பதில்: உங்க நண்பர் சொல்ற கதை உண்மைதான். 1985-ல டேவிட் ஸ்வென்சன்னு 31 வயசு ஆள் யேல் கார்பஸைக் கையில எடுக்கும்போது 100 கோடி டாலர் பக்கம் இருந்துச்சு, பெரும்பகுதி அமெரிக்க ஷேரும் பாண்டும்தான். 2021-ல அவர் இறக்கும்போது 3,000 கோடி டாலரைத் தாண்டியிருந்துச்சு. யூனிவர்சிட்டி நூறு வருஷம் இருக்கப்போற இடம், நாளைக்கே பணம் வேண்டாம், அதனால சீக்கிரம் விக்க முடியாத சொத்தை வாங்கி, காத்திருக்குறதுக்கான கூலியை வாங்கிக்கலாம்னு அவர் நினைச்சார். அருமையான யோசனை, நான் அவரை மதிக்கிறேன்.

ஆனா அது அவருக்கு எப்படி முடிஞ்சதுன்னா, முழுநேர ஆளுங்க ஒரு டீமா உக்காந்து ஒவ்வொரு ஃபண்ட் மேனேஜரையும் வருஷக்கணக்குல விசாரிச்சு எடுத்தாங்க, நல்ல மேனேஜருங்களும் யேல் பணம்னா கதவைத் திறந்தாங்க. அந்த வழியைப் பாத்து எல்லாரும் ஓடினாங்க, ஹார்வர்டும் அதே வழியிலதான் இருந்துச்சு. 2008 ஜூன்ல ஹார்வர்ட் கார்பஸ் 3,690 கோடி டாலர், ஒரே வருஷத்துல 2,600 கோடி. விழுந்ததை விடக் கொடுமை, கையில காசு இல்லை. யூனிவர்சிட்டி செலவுல பெரிய பங்கு கார்பஸ்ல இருந்துதான் வரணும், பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டுக்கு ஏற்கனவே ஒத்துக்கிட்ட பணத்தையும் அனுப்பணும், வச்சிருக்கிறதை விக்கப் போனா அடிமாட்டு விலை. கடைசியில 250 கோடி டாலருக்கு பாண்டு போட்டு கடன் வாங்கினாங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆல்ஸ்டன்ல எழும்பிட்டு இருந்த சயின்ஸ் கட்டடத்தை நடுவுல நிறுத்தினாங்க. உலகத்துலயே பணக்கார யூனிவர்சிட்டிங்க, கட்டடத்தை பாதியில நிறுத்துச்சு.

உங்க 3 கோடிக்கு வருவோம். இங்க பிரைவேட் ஈக்விட்டி, ஹெட்ஜ் ஃபண்டெல்லாம் ஏஐஎஃப்-னு ஒரு வகை ஃபண்டு வழியாத்தான், அதுல நுழையணும்னா ஒரு ஃபண்டுக்கே குறைஞ்சது ஒரு கோடி. உங்க மொத்தப் பணத்துல மூணுல ஒரு பங்கு ஒரே மேனேஜர் கையில, ஏழு எட்டு வருஷம் பூட்டு. சங்கம் வரிவிலக்கு வாங்கின அறக்கட்டளைன்னா, அந்த 11(5) பட்டியல்லயே ஏஐஎஃப் கிடையாது, விலக்குக்கே ஆபத்து. யேல்ல இருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, வருஷம் எவ்வளவு எடுப்போம்னு எழுதி வைக்கிற பழக்கம். சராசரி கார்பஸ்ல 4 சதவீதம்னு ஒரு தீர்மானம் போடுங்க, செலவு இதுக்கு மேல போகாதுன்னு. அப்புறம் மூணுல ஒரு பங்கை இண்டெக்ஸ் மியூச்சுவல் ஃபண்டுலயும் மிச்சத்தை அரசு பத்திரத்துலயும் வைங்க. உங்க பேட்ச்மேட்டை அடுத்த மீட்டிங்குக்கு வீடியோ கால்ல கூப்பிட்டு இந்தத் தீர்மானத்துக்கு அவரையே முன்மொழியச் சொல்லுங்க, அக்கறை உள்ளவர்தான் அவரும்.

கேள்வி: எங்க ஆஸ்பத்திரி கிராஜுவிட்டி டிரஸ்டுக்கு இன்விட் யூனிட் 11 சதவீதம் வட்டி தருதுன்னு ஆஃபர் வந்திருக்கு. (சேலம் வாசகி)

பதில்: வட்டின்னு சொன்ன ஆளை முதல்ல திருத்துங்கம்மா. இன்விட்னா ரோடு, மின்சார லைன் இதெல்லாம் வச்சிருக்குற ஒரு டிரஸ்ட், ரீட்னா அதே மாதிரி ஆபீஸ் கட்டடம். செபி 2014-ல விதி போட்டுச்சு, கையில வர்ற காசுல 90 சதவீதத்தை யூனிட்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். அந்தப் பிரிவுல வட்டி கொஞ்சம், டிவிடெண்ட் கொஞ்சம், உங்க அசலையே திருப்பித் தர்றது கொஞ்சம்னு கலந்துதான் வரும். டோல் ரோடுன்னா ஒப்பந்தக் காலம் முடிஞ்சதும் ரோடு அரசாங்கத்துக்கே போயிடும், கடைசியில யூனிட்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது. அப்ப 11-ல எவ்வளவு வருமானம், எவ்வளவு நம்ம காசேன்னு ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலயும் பிரிச்சே போட்டிருப்பாங்க, அந்த ஒரு பக்கத்தைப் படிங்க போதும். ஆபீஸ் கட்டடம்னா காலி இடம் எவ்வளவு, வாடகை ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு பாக்கணும்.

நல்ல சொத்து இல்லைன்னு நான் சொல்லவே இல்லை. நம்ம நேஷனல் ஹைவேஸ் ஆரம்பிச்ச இன்விட்ல 2021-லயே கனடா நாட்டு பென்ஷன் ஃபண்டுங்க ரெண்டு, ஒவ்வொண்ணும் 25 சதவீதம் வாங்குச்சு. 30 வருஷம் கழிச்சு பென்ஷன் குடுக்கப் போறவங்களுக்கு, வண்டி ஓடுற வரைக்கும் காசு வர்ற ரோடு பொருந்துது. உங்களுக்குப் பொருந்துதான்னு பாக்கணும். கிராஜுவிட்டி கடைசி சம்பளத்தை வச்சு, 15-ஐ 26-ஆல வகுத்து, சர்வீஸ் வருஷத்தால பெருக்குறது. ஒரு நர்சுக்கு 40,000 சம்பளம், 20 வருஷம்னா 4 லட்சத்து 61 ஆயிரத்து 538. அதே நர்சுக்கு நாளைக்கு சம்பளம் 10 சதவீதம் ஏறினா, பழைய 20 வருஷத்துக்கும் சேர்த்து பாக்கி 10 சதவீதம் ஏறிடும். சம்பளத்தோட கூடவே ஏறுற பாக்கிக்கு, ஏறாத கூப்பன் மட்டும் வச்சிருந்தா போதாது, அதனால கொஞ்சம் ஷேர் இடிஎஃப், கொஞ்சம் இன்விட் இருக்குறது தப்பில்லை. டிரஸ்ட் மாதிரி அமைப்புங்களுக்கு பேட்டர்ன்ல இருக்குறது 5 சதவீத இடம். அந்த இடத்துக்குள்ளயே, ஒண்ணுல இல்லாம ரெண்டு மூணுல பிரிச்சு. அதுக்கு முன்னாடி, மொத்த கிராஜுவிட்டி பாக்கி எவ்வளவுன்னு கணக்கு போட்டுத் தர்ற ஆக்சுவரி ரிப்போர்ட் கடைசியா எப்ப வாங்கினீங்கன்னு எனக்கு எழுதுங்க.

கேள்வி: உலகத்துல எல்லா ரிசர்வ் பேங்கும் தங்கம் வாங்குதே, நாங்க எங்க அன்னதான டிரஸ்ட்ல வாங்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: 2022-ல இருந்து மூணு வருஷம் தொடர்ச்சியா மத்திய வங்கிங்க ஆயிரம் டன்னுக்கு மேல வாங்கியிருக்காங்க, உண்மைதான். நம்ம ரிசர்வ் பேங்கே 2009-ல ஐஎம்எஃப் கிட்ட இருந்து 200 டன் வாங்குச்சு, அதுக்கு 18 வருஷம் முன்னாடி தங்கத்தை அடகு வச்சு டாலர் வாங்கின நாடு இது. அவங்களுக்கு இன்னொரு நாட்டு கரன்சியை முழுசா நம்ப முடியலைங்குற கவலை. உங்களுக்கு மாசாமாசம் அன்னதானத்துக்கு அரிசி வாங்குற கவலை. தங்கம் வட்டி தராது, விலை ஏறினா வித்தாத்தான் காசு. நன்கொடையா வந்த நகை இருந்தா பத்திரமா வைங்க, கார்பஸைத் தூக்கிப் புதுசா வாங்காதீங்க.

கேள்வி: வெளிநாட்டு பென்ஷன் ஃபண்டே கிரிப்டோல போடும்போது, நம்ம ஊழியர் நல நிதியில ஒரு 10 சதவீதம் போட்டா என்ன? (சென்னை வாசகர்)

பதில்: போட்ட ஃபண்டோட கதையைச் சொல்றேன். கனடாவுல ஒன்டாரியோ டீச்சர்ஸ் பென்ஷன் ஃபண்டு எஃப்டிஎக்ஸ்னு ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கம்பெனியில 9.5 கோடி டாலர் போட்டுச்சு. 2022 நவம்பர்ல அந்தக் கம்பெனி திவால், மொத்தத்தையும் பூஜ்யம்னு எழுதிட்டாங்க. எந்த டீச்சரோட பென்ஷனும் நிக்கலை, ஏன்னா அவங்க போட்டது மொத்த சொத்துல 0.05 சதவீதத்துக்கும் கம்மி. நீங்க சொல்ற 10 சதவீதம் அதைப் போல 200 மடங்குக்கும் மேல.